விளக்கு எரிவது வண்டியில். வெட்டு விழுவது சம்பளத்தில்!

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

மழை பெய்து மங்கில் தண்ணீர் சேர்ந்தால் பாலின் கெட்டி குறையும். கெட்டி குறைந்தால் மரம் வெட்டியவன் கணக்கில் கை வைப்பார்கள். வானம் செய்த குற்றத்துக்குத் தொழிலாளி தண்டம் கட்டுவது, தோட்டத்தில் நாம் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன வழக்கம். அந்த வழக்கம் இப்பொழுது புது உடுப்புப் போட்டுக்கொண்டு, நான்கு சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டு, சிங்கப்பூர் வீதிகளில் ஓடுகிறது. அங்கே மழைக்குப் பதில் புகை. மங்குக்குப் பதில் புகைக்குழாய். தண்டம் கட்டுகிறவன் மட்டும் மாறவில்லை.

ஜோகூரில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர், சிங்கப்பூரில் ஒரு சிறு குத்தகைக்காரரிடம் டீசல் பிக்கப் ஓட்டுகிறார். தேக்காவைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளுக்குக் குழாய் வேலையும் குளிர்சாதன வேலையும் எடுத்துச் செய்யும் தவுக்கே அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் வைத்து அந்தத் தம்பி நம்மிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை நீட்டினார். முதல் மாதம் 120 வெள்ளி பிடித்தம். அடுத்த மாதம் 160. மூன்றாவது மாதம் 260. மூன்று சீட்டிலும் காரணம் ஒன்றே: "டிரைவர் கவனக்குறைவு".

என்ன கவனக்குறைவு? இடித்தாரா? இல்லை. கவிழ்த்தாரா? இல்லை. வண்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறைக்குப் போய் அணைத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி பட்டறை, மறுபடி பில், மறுபடி விளக்கு. பில்லில் ஒரு பங்கைத் தவுக்கே தம்பியின் சம்பளத்தில் வெட்டினார். "நீ ஓட்டுற லட்சணம் அப்படி. மத்தவன் ஓட்டினா எரியுதா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். அந்தச் சூப்பர்வைசரும் தமிழர்தான். அதைச் சொல்லும்போது தம்பியின் குரல் கொஞ்சம் தடுமாறியது.

தோட்டத் தொழிலாளர் ஏட்டுக்குச் சிங்கப்பூர் வண்டியின் விளக்கைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எத்தனை பிள்ளைகள் விடியுமுன் எழுந்து ஜோகூர் பாலம் கடக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே ரக வண்டிகள் இன்று தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. நாளைக்கு இந்த விளக்கு நம் ஸ்டோர் வாசலிலும் எரியும். ஆகவே இது நம் கவலைதான்.

கதை புரிய வேண்டுமானால் கருவி புரிய வேண்டும். பால் ஸ்டோருக்குப் போகும் எவருக்கும் இது எளிதில் விளங்கும். வாளியில் கொண்டுவரும் பாலைத் தொட்டியில் ஊற்றுமுன் சல்லடையில் வடிகட்டுகிறோம். பட்டைத் தூளும் உறைந்த கட்டியும் சல்லடையில் தங்கும். சல்லடையைக் கழுவாமலே ஊற்றிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். பின்னால் நிற்பவர் வாளி பொங்கி வழியும். புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாய் நடுவிலும் அப்படி ஒரு சல்லடை இருக்கிறது. தேனடை போன்ற பீங்கான் வடிகட்டி, டி.பி.எஃப். என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து நிறுத்துகிறது. நாம் சல்லடையைத் தண்ணீரில் கழுவுகிறோம். இதை நெருப்பில் கழுவ வேண்டும். வடிகட்டி நிறையும்போது எஞ்சின் சற்று அதிக டீசலைப் பீய்ச்சி, புகையின் சூட்டை ஏறக்குறைய 600 பாகைக்கு ஏற்றி, தேங்கிய கரியை எரித்துவிடுகிறது. இதற்கு 'ரீஜென்' என்று பெயர். வண்டி தடைபடாமல், நல்ல சூட்டில், பத்து இருபது நிமிடமாவது ஓடினால்தான் இது முடியும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நின்றுபோகும். பல தடவை பாதியில் நின்றால் விளக்கு எரியும். அதையும் மீறி ஓட்டினால் எஞ்சினே தன் வலுவைக் குறைத்துக்கொண்டு ஆமைபோல் நகரும். ரீஜெனுக்காகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயில் கலந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பது இன்னொரு தொல்லை.

சில வண்டிகளில் இதனோடு யூரியாவும் உண்டு. ஆம், நாம் உரமாகப் போடும் அதே யூரியாதான்! சுத்தமான நீரில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவைக் கரைத்து ஒரு தனித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அது புகைச் சூட்டில் அமோனியாவாக மாறுகிறது. பால் உறையாமலிருக்க ஸ்டோரில் ஊற்றும்போது மூக்கைத் துளைக்குமே, அந்த அமோனியா! நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சுவாயுவை அது வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தொட்டி வற்றினாலும், வாயுவை மோப்பம் பிடிக்கும் உணர்கருவி பழுதானாலும், அணைத்த வண்டி மீண்டும் கிளம்பாதபடி பூட்டு விழும். 2021-ல் சீனா யூரியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டவுடன் தென்கொரியாவின் லாரிகள் முடங்கும் நிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து இராணுவ விமானத்தில் 27,000 லிட்டர் யூரியாக் கரைசலைக் கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த லாரிக்காரர்களும் கவனக்குறைவானவர்களா?

இனி நம் தம்பியின் ஒரு நாளைப் பார்ப்போம்.

காலை ஐந்தரைக்குக் கேலாங்கில் எட்டுப் பேரைப் பின்தட்டில் ஏற்றுகிறார். புதுக்கோட்டைக்காரர், தஞ்சாவூர்க்காரர், வங்காளதேசத்துத் தோழர்கள். அங்கிருந்து தேக்கா நான்கைந்து கிலோமீட்டர். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ரோவெல் ரோட்டில் நால்வரை இறக்குகிறார், அணைக்கிறார். கெர்பாவ் ரோட்டில் மீதி நால்வர், அணைக்கிறார். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்குக் குழாய் வாங்க ஓட்டம். திரும்பி வந்தால் சந்தில் வேறு வண்டி நிற்கிறது, காத்திருக்க வேண்டும். பிறகு சையது அல்வி ரோடு, பிறகு கேம்பல் லேன், பிறகு மறுபடியும் இரும்புக் கடை. நடுநடுவே அவரும் கையுறை மாட்டிக்கொண்டு குழாய் தூக்குகிறார். ஏனெனில் அவர் டிரைவர் மட்டுமல்ல, பாதி நாள் கூலியும் அவர்தான். இரவு எட்டுக்கு எல்லோரையும் ஏற்றிக் கேலாங்கில் விடுகிறார். நாள் முழுவதும் ஓடியது நாற்பது கிலோமீட்டர் தேறாது. எஞ்சினை அணைத்து எழுப்பியது இருபது தடவைக்கு மேல்.

இப்படி ஓடினால் எந்த வடிகட்டிதான் அடைக்காது? சந்துக்குச் சந்து நின்று நின்று போக வேண்டிய வேலையை வகுத்தது யார்? தம்பியா, தவுக்கேயா?

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். சிங்கப்பூரில் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது குற்றம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி பார்த்தால் அபராதம். சரியான சட்டம்தான், கடைவீட்டு வாசலில் புகை கக்கிக்கொண்டு நிற்பதை யார் விரும்புவார்? ஆனால் நிறுத்தும் நேரத்தில் ரீஜென் ஓடிக்கொண்டிருந்தால் தம்பி என்ன செய்வார்? அணைத்தால் வடிகட்டி அடைத்துச் சம்பளத்தில் வெட்டு. அணைக்காவிட்டால் அபராதச் சீட்டு. அதுவும் தம்பி தலையில்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது இரவில் ஓய்வெடுக்கும். தம்பிக்கு இரவிலும் வேலை வைத்தார் சூப்பர்வைசர். "ஆளுங்களை இறக்கிட்டுத் தீவு விரைவுச்சாலையில் ஒரு சுற்று போயிட்டு வா. கரி எரிஞ்சிடும்" என்றார். பதினான்கு மணி நேரம் உழைத்த கண்ணோடு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு, சாங்கி வரை போய்த் திரும்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கில் எழுதப்பட்டது? எவர் கணக்கிலும் இல்லை. முதலாளியின் இயந்திரத்தைக் கழுவும் வேலை, தொழிலாளியின் தூக்கத்தில் நடந்தது.

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம், மாதம் 4,500 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 44 மணி நேரம் என்றும், அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி என்றும், பொதுவாக ஒரு நாளில் 12 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் சொல்கிறது. இரவில் கரி எரிக்கப் போவது வேலையா, உல்லாசப் பயணமா? நாம் கேட்கிறோம், பதில் சொல்லட்டும்.

"ஓட்டுகிறவன் சரியாக ஓட்டினால் பழுது வராது" என்பது முதலாளிமாரின் நிரந்தரப் பல்லவி. இதற்கு விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ ஆகிய டீசல் வண்டிகள் 2,60,000-க்கும் மேற்பட்டவை. வெண்புகையும் துர்நாற்றமும் வருகின்றன, விளக்கு எரிகிறது, பட்டறைக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டோம் என்று வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்காடினார்கள். 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் வடிகட்டி அமைப்பிலேயே குறை இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது. எப்படி ஓட்டும்போது அந்தக் குறை தலைகாட்டியது தெரியுமா? மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போது! நகரச் சந்தில் ஓட்டினால் கெடும், நெடுஞ்சாலையில் ஓட்டு என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டியவனுக்கும் கெட்டது. எவ்வளவு இழப்பீடு என்ற தகராறு 2024 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் பழி ஓட்டியவன் மேல் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே வழக்காடியவர்கள் வண்டியின் சொந்தக்காரர்கள். கையில் காசும் பின்னால் வக்கீலும் உள்ளவர்கள். நம் தம்பிக்கு வண்டியில் சொந்தம் என்று சொல்ல, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் படம் ஒன்றுதான்.

உற்பத்தியாளர்களின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். 2015 செப்டம்பரில் ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாகப் புகைவிடும் ஏமாற்று வேலை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் இருந்ததாக ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில் ஜப்பானின் ஹினோ நிறுவனம் எஞ்சின் சோதனைக் கணக்குகளைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. சிங்கப்பூர் வீதிகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் லாரிகளை விற்கும் நிறுவனம். அமெரிக்காவில் ராம் பிக்கப்புகளுக்கு எஞ்சின் செய்யும் கம்மின்ஸ் நிறுவனம், 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 வண்டிகளில் ஏமாற்றுக் கருவி வைத்ததாக அந்நாட்டு அரசு குற்றம் சாட்டியதன் பேரில், 167.5 கோடி டாலர் தண்டம் கட்ட 2023 கடைசியில் இசைந்தது. கணக்கைத் திருத்தியவர்கள் கோட்டும் சூட்டும் போட்டவர்கள். விளக்கு எரிந்ததற்குப் பொறுப்பாளி மட்டும் கேலாங்கில் ஒற்றைக் கட்டில் வாடகைக்கு எடுத்துப் படுக்கிறவனா?

பட்டறைக்காரர் பங்கும் உண்டு. வடிகட்டி அடைப்பது பல நேரங்களில் நோயல்ல, நோயின் அறிகுறி. டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலோ, டர்போவின் காற்றுக்குழாய் வெடித்திருந்தாலோ, புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு கரிபிடித்து மாட்டிக்கொண்டாலோ கரி அதிகமாகும். சல்லடை சீக்கிரம் நிறையும். மலிவு எண்ணெயை ஊற்றினாலும் அப்படித்தான். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி ரக எண்ணெய் வேண்டும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அந்த எண்ணெயை வாங்குகிறவர் யார்? நம் தம்பியா கடைக்குப் போய் மலிவு டின்னைப் பொறுக்கினார்? ஸ்கேனரைச் செருகி விளக்கை அணைத்துவிட்டு, காரணத்தைத் தேடாமல் பில் எழுதுகிற பட்டறைக்கு அந்த வண்டி திரும்பித் திரும்பி வருவது வருமானம். காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டே காசு வாங்குகிற வைத்தியனை நாம் ஊரில் பார்த்ததில்லையா?

இனி நம்மவர்களிடமே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது சூப்பர்வைசர் வேறொரு யோசனை சொன்னார். வடிகட்டியை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் பீங்கானை இடித்துக் கொட்டிவிட்டு, வெறுங்கூட்டை மாட்டிவிடுவது. கணினியிலும் ஒரு மாற்றம் செய்து விளக்கு இனி எரியாதபடி வாயை அடைத்துவிடுவது. அனுமதியில்லாமல் இப்படி மாற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். நம் டிரைவர் தோழர்களில் பலரே, "எடுத்துவிட்டால் நல்லதுதானே அண்ணே, வண்டியும் இழுக்கும், வெட்டும் விழாது" என்று நம்மிடம் சொன்னார்கள். நம் தம்பியும் முதலில் அப்படித்தான் சொன்னார்.

தோழர்களே, யார் நெஞ்சை அடைக்க யார் வாயைத் திறக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? 2012 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. அந்த முடிவுக்கு ஆதாரமான பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் 8 சுரங்கங்களில் உழைத்த 12,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பற்றியது. சுரங்க முதலாளிமாரின் கூட்டமைப்பொன்று நீதிமன்றம் போய் அந்த ஆய்வு வெளிவருவதை இழுத்தடித்தது. தொழிலாளியின் நுரையீரல்தான் அங்கே சாட்சி. அந்தச் சாட்சியம் கிடைத்த பின்னும் நாமே நம் கையால் வடிகட்டியை இடித்துக் கொட்டுவதா? சிங்கப்பூரில் தொழிலாளரைப் பின்தட்டில் ஏற்றிப் போவது இன்னமும் நடக்கிறது. 2023 ஜூலையில் பல அமைப்புகள் ஒன்றுகூடி அதைத் தடுக்கக் கோரின. உடனே தடை செய்தல் இயலாது என்று அரசு சொல்லிவிட்டது. சன்னல் இல்லாத, கதவு இல்லாத அந்தத் தட்டில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது முன்வண்டி விடும் புகையும் தன்வண்டி விடும் புகையும் யார் மூக்கில் ஏறுகின்றன? குளிர்சாதனம் போட்டுக் கண்ணாடி ஏற்றிய காரில் போகும் தவுக்கேயின் மூக்கிலா? புதுக்கோட்டைக்காரன் மூக்கில்! நாம் வெட்டுக்குப் பயந்து இடிக்கும் சல்லடை, நம் தோழனின் நெஞ்சுக்குப் போட்டிருந்த சல்லடை.

கண்ணுக்குப் புகை தெரியாவிட்டால் கெடுதல் இல்லை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கரும்புகையின் அடர்த்தியை அளக்கும் பழைய சோதனைக்கு மிக நுண்ணிய தூள் சரியாக அகப்படாது. அதனால்தான் நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023 முதல் வாகனச் சோதனையில் அந்த நுண்தூள்களையே எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. இடித்த வடிகட்டி அங்கே ஒளிய முடியாது. சிங்கப்பூரிலும் அப்படிச் சோதிக்க வேண்டும் என்றே நாம் கோருகிறோம்.

ஆகவே, சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். சிங்கப்பூர் அரசு டீசல் வண்டிகளுக்கு 2006-ல் யூரோ 4, 2014-ல் யூரோ 5, 2018-ல் யூரோ 6 என்று விதியை இறுக்கிக்கொண்டே வந்தது. 2017-ல் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு வரி போட்டு, 2019-ல் அதை 20 காசாக்கியது. 2025 தொடக்கத்திலிருந்து புதிய டீசல் காரையும் டாக்சியையும் பதிவு செய்வதில்லை. இவற்றில் நாம் குறை காண்பதில்லை. கண்டால் நம் நெஞ்சுக்கே துரோகம். ஆனால் இத்தனை விதிகளும் வண்டியைப் பார்க்கின்றன, வண்டிக்குள் இருக்கும் மனிதனைப் பார்க்கவில்லை. புகைக்குழாயின் நுனியில் எத்தனை தூள் வரலாம் என்று எழுதியவர்கள், அந்தத் தூளை எரிக்கும் நேரம் வேலை நேரமே என்று ஒரு வரி எழுத மறந்துவிட்டார்கள்.

சிறு தவுக்கேயின் தொல்லையும் நமக்குத் தெரியாமல் இல்லை. பத்தாண்டு உரிமைச் சான்றிதழுக்கே வண்டி விலையைப் போல் கொடுக்கிறார். மேலே இருக்கும் பெரிய குத்தகைக்காரர் விலையை நெருக்குகிறார். வடிகட்டியைப் புதிதாக மாற்றினால் ஆயிரக்கணக்கான வெள்ளி. எல்லாம் உண்மை. ஆனால் மேலிருந்து வரும் நெருக்கலைக் கீழே தள்ளிவிடுவதற்குத் தொழிலாளியின் சம்பளம் என்ன சாக்கடையா? வண்டி வாங்குமுன், தன் வேலை குறுகிய ஓட்டமா நெடும் ஓட்டமா, இதற்கு டீசல் ஏற்றதா, மின்சார வண்டி ஏற்றதா என்று பார்த்திருக்க வேண்டியவர் அவர். ஆதாயம் வரும்போது "என் வண்டி", அடைத்துக்கொண்டால் "உன் கவனக்குறைவு" என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூரில், பொறுப்பில் ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் என்று சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சேதம் தொழிலாளியின் தவற்றால் வந்ததாக இருக்க வேண்டும். பிடிக்குமுன் அவர் தம் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பிடித்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நம் தம்பியை யார் விசாரித்தார்கள்? எங்கே, எந்த நாளில்? "லட்சணம் அப்படி" என்ற ஒரு வாக்கியம்தான் விசாரணை, சாட்சி, தீர்ப்பு மூன்றும்! நம் நாட்டிலும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறெதையும் முதலாளி பிடிக்கலாகாது என்கிறது. தோட்டத்தில் பிக்கப் ஓட்டும் தோழர்கள் இதை நினைவில் வைக்கட்டும். நிரைக்கு நிரை நின்று, மண் சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பால் ஏற்றும் வண்டியின் வடிகட்டிக்குத் தேக்கா சந்தைவிடப் பெரிய சோதனை காத்திருக்கிறது.

கிராணிமார்களே, இங்கே உங்களோடு ஒரு வார்த்தை. 2016 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் ஒவ்வொரு பிடித்தத்தையும் தனித்தனியே காட்டும் சம்பளச் சீட்டு கட்டாயம். "டிரைவர் கவனக்குறைவு" என்ற இரண்டு சொல்லைத் தவுக்கே எழுதவில்லை. அலுவலகத்தில் ஒரு கிராணி எழுதினார். மேலிடம் சொன்னதை எழுதினேன் என்பார். பிழைப்பு நமக்குத் தெரியும். ஆனால் பட்டறை பில்லில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவை படித்துப் பார்த்தாரா? பில்லில் "வடிகட்டி சுத்தம்" என்று இருக்க, சீட்டில் "கவனக்குறைவு" என்று எங்கிருந்து வந்தது? பில்லில் உள்ளதையே சீட்டில் எழுதுங்கள்; அதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். அவ்வளவு போதும், பேனா பிடித்த கை செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.

டிரைவர் தோழர்கள் ஒரு சிறு நோட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். விளக்கு எரிந்த நாள், மணி, ஓடிய கிலோமீட்டர், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுதுங்கள். கைப்பேசியில் விளக்கைப் படம் எடுத்துச் சூப்பர்வைசருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். சொல்லவில்லை என்று பிறகு சாதிக்க முடியாது. ரீஜென் ஓட்டம் ஓடச் சொன்னால், அந்த நேரத்தை வேலை நேரமாக எழுதிக் கேளுங்கள். எஞ்சின் எண்ணெயின் அளவு குச்சியில் தானாக ஏறினால், அது டீசல் கலப்பு; உடனே சொல்லுங்கள். வடிகட்டியை இடிக்கச் சொன்னால், "எழுதிக் கொடுங்கள், செய்கிறேன்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்த தவுக்கேயை இதுவரை நாம் பார்த்ததில்லை. சம்பளத் தகராறை முத்தரப்புத் தகராறு தீர்ப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். தமிழில் பேசலாமா என்று தயங்காதீர்கள். கையில் நோட்டு இருந்தால் அதுவே பேசும்.

நம் தம்பி வடிகட்டியை இடிக்க மறுத்துவிட்டார். வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகச் செய்தார். அதற்கே இரண்டு நாள் வாக்குவாதம். அங்கிருந்த வயதான சீன மெக்கானிக் விளக்கை அணைக்கவில்லை. முதலில் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வடிகட்டியின் முன்பக்க அழுத்தத்தையும் பின்பக்க அழுத்தத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும் சிறு உணர்கருவி ஒன்று உண்டு. அதற்குப் போகும் சுண்டுவிரல் பருமன் குழாய் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. வடிகட்டி நிறைந்ததா இல்லையா என்று எஞ்சினுக்கே சரியாகத் தெரியவில்லை; குறுகிய ஓட்டமும் அதனோடு சேர்ந்துகொள்ள, விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தது. முந்தைய மூன்று பில்களில் ஒன்றிலாவது அந்தக் குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அது ஒரு சாண் ரப்பர்க் குழாய். மாற்றிய கூலியோடு சேர்த்து நாற்பது வெள்ளி ஆயிற்று.

பிடித்த 540 வெள்ளி இன்னும் தம்பியின் கைக்கு வரவில்லை. மத்தியஸ்தத்துக்கு நாள் கேட்டு எழுதியிருக்கிறார். வெடித்த குழாயை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மூன்று சம்பளச் சீட்டோடும் நோட்டோடும் கட்டி வைத்திருக்கிறார்.